குடியரசுக் கட்சியின் பிரதிநிதிகள் அவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வர்ஜீனியா, 20 அக்டோபர் 2006

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். வடக்கு வர்ஜீனியாவில் வரிக்கணக்கு பார்த்துத் தரும் ஒரு சிறு அலுவலகம் நடத்துகிறேன். குடியுரிமை கிடைத்தபின் நான் போட்ட முதல் வாக்கு, 2000 நவம்பரில், உங்கள் கட்சிக்கு. 2002, 2004 தேர்தல்களிலும் அப்படியே. வரவுக்குள் செலவு செய்கிற அரசு வேண்டும் என்று நீங்கள் சொன்னது, கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு ஊரில் என் தாத்தா சொன்னதைப் போலவே இருந்தது. எதிர்க்கட்சிக்காரன் எழுதும் மடல் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள்.

என் மகளுக்குப் பதினாறு வயது. நாடாளுமன்றமான காங்கிரஸில் 'பேஜ்' ஆகப் பணிபுரிய விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆசை. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: நீல மேற்சட்டை போட்டுக்கொண்டு அவைக்கும் அலுவலகங்களுக்கும் இடையே தாள்களைச் சுமந்து ஓடும் அந்தப் பிள்ளைகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கி, விடியுமுன் எழுந்து பள்ளிப் பாடத்தை முடித்துவிட்டு வேலைக்கு வருகிறார்கள். ஓர் உறுப்பினரின் பரிந்துரையோடுதான் அவர்கள் வர முடியும். அதாவது, பெற்றோர் தங்கள் பிள்ளையை உங்கள் கையில் ஒப்படைக்கிறார்கள்.

செப்டம்பர் 29 அன்று உங்கள் கட்சியின் ஃபுளோரிடா உறுப்பினர் மார்க் ஃபோலி பதவி விலகிய செய்தியை நானும் என் மனைவியும் தொலைக்காட்சியில் சேர்ந்துதான் பார்த்தோம். காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான உறுப்பினர் குழுவின் தலைவர் அவர். குழந்தைகளைப் பாலியல் குற்றவாளிகளிடமிருந்து காக்கும் சட்டம் ஜூலையில் கையெழுத்தானதில் அவருக்கும் பங்குண்டு. அந்த மனிதர் பேஜாக இருந்த சிறுவர்களுக்கு என்னென்ன எழுதினார் என்பதை இங்கே எடுத்து எழுத என் கை வரவில்லை. விண்ணப்பத் தாள் அன்று சாப்பாட்டு மேசையின் மேல் இருந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள்.

ஒரு தனிமனிதரின் இழிசெயலுக்குக் கட்சி முழுவதையும் குற்றம் சொல்ல மாட்டேன். என்னை உறுத்துவது அதற்குப் பின் வெளிவந்தவை. லூசியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்குப் போன மின்னஞ்சல்கள் பற்றி 2005 இலையுதிர் காலத்திலேயே சபாநாயகர் அலுவலகத்துக்குத் தகவல் போயிருக்கிறது. பேஜ் வாரியத் தலைவர் ஜான் ஷிம்கஸ் ஃபோலியைக் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார். அதே வாரியத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினரிடம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. இந்த ஆண்டு வசந்த காலத்தில் சபாநாயகரிடம் சொன்னதாக உங்கள் கட்சியின் தேர்தல் குழுத் தலைவர் டாம் ரெனால்ட்ஸ் சொல்கிறார். தானும் சொன்னதாக அவையின் பெரும்பான்மைத் தலைவர் ஜான் பேனர் சொல்கிறார். அப்படி ஒரு பேச்சு நடந்ததாக நினைவில்லை என்கிறார் சபாநாயகர் ஹேஸ்டர்ட். அவர்களிடம் சொல்லப்பட்டது மின்னஞ்சல்களைப் பற்றி மட்டும்தான், ஆபாச உரையாடல்கள் பின்னால்தான் தெரியவந்தன என்பது உங்கள் வாதம். சரி, ஏற்கிறேன். ஆனால் ஐம்பது வயது கடந்த ஒருவர் பதினாறு வயதுப் பையனிடம் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டார் என்று தெரிந்த பிறகு, வேறு பிள்ளைகளுக்கும் இப்படி நடந்திருக்கிறதா என்று விசாரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே!

அக்டோபர் 2 அன்று ரெனால்ட்ஸ் தம் ஊரில் குழந்தைகள் சூழ நின்று செய்தியாளர்களைச் சந்தித்தார். இது பெரியவர்கள் பேச வேண்டிய விஷயம், பிள்ளைகளை வெளியே அனுப்பலாமே என்று ஒரு நிருபர் கேட்டார். அவர் அனுப்பவில்லை. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. தேர்தல் நேரம் பார்த்து எதிர்க்கட்சி இதைக் கசியவிட்டது என்று உங்களில் சிலர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எந்த மாதம் வெளிவந்தது என்று எந்தத் தாயும் கேட்கவில்லை.

1994-ல் நான் இந்நாட்டுக்குப் புதிது. அந்த செப்டம்பர் 27 அன்று காங்கிரஸ் கட்டடப் படிகளில் உங்கள் வேட்பாளர்கள் நின்று 'அமெரிக்காவுடன் ஒப்பந்தம்' என்று கையெழுத்திட்டதைப் பார்த்து வியந்தேன். 40 ஆண்டு அவையைக் கையில் வைத்திருந்த ஜனநாயகக் கட்சி ஒரே தேர்தலில் 54 இடங்களை இழந்தது. சபாநாயகரே தம் தொகுதியில் தோற்றார். அவர் பெயரும் ஃபோலிதான். நெடுநாள் அதிகாரத்தில் இருந்தவர்கள் அவையைத் தங்கள் வீடு என்று நினைத்துவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள், மக்கள் நம்பினார்கள்.

பன்னிரண்டே ஆண்டுகள். குற்றம் சாட்டப்பட்ட தலைவர் பதவி விலக வேண்டும் என்பது நீங்களே 1993-ல் போட்டுக்கொண்ட விதி. 2004 நவம்பரில், அப்போதைய பெரும்பான்மைத் தலைவர் டாம் டிலேக்காக அதைத் தளர்த்தினீர்கள். கண்டனம் எழுந்ததும் 2005 ஜனவரியில் திரும்பப் பெற்றீர்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அவர்மேல் டெக்சாஸில் குற்றச்சாட்டு பதிவானது. உங்கள் உறுப்பினராக இருந்த ராண்டி கன்னிங்ஹாம் 24 லட்சம் டாலர் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டு சிறையில் இருக்கிறார். அரசியல் தரகர் ஏப்ரமாஃப் வழக்கில் உங்கள் உறுப்பினர் பாப் நே போன வாரம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இந்த மடலை எழுதும் நேரத்திலும் அவர் உறுப்பினராகவே இருக்கிறார். ஃபுளோரிடாவில் வாக்குச்சீட்டில் ஃபோலியின் பெயரே இருக்கிறது. அந்தப் பெயருக்கு வாக்களித்தால்தான் உங்கள் புதிய வேட்பாளருக்குச் சேரும். அங்கே இருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள்.

கணக்கையும் பார்த்துவிடுகிறேன், அது என் தொழில். 2001 ஜனவரியில் நாட்டின் கடன் ஏறத்தாழ 5.7 லட்சம் கோடி டாலர். இப்போது 8.5 லட்சம் கோடி. அலாஸ்காவின் கெட்சிக்கன் ஊரிலிருந்து ஏறக்குறைய 50 பேர் வாழும் ஒரு தீவுக்குப் பாலம் கட்ட 22 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினீர்கள். பெயர் கெட்டதும் பாலம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டீர்கள், பணம் மட்டும் அலாஸ்காவுக்கே போய்ச் சேர்ந்தது. இப்படி ஒரு பதிவை என் வாடிக்கையாளர் கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஈராக்கில் உயிரிழந்த நம் வீரர்கள் 2,700-ஐத் தாண்டிவிட்டார்கள். கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் கூரைகளில் உதவி கேட்டு நின்றவர்களை நாடு மறக்கவில்லை.

ஆகஸ்ட் 11 அன்று எங்கள் செனட்டர் ஜார்ஜ் ஆலன், கூட்டத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி இளைஞரைக் குரங்கினப் பெயரால் அழைத்து, அமெரிக்காவுக்கு வரவேற்பதாகச் சொன்னார். அந்தப் பையன் பிறந்தது இதே வர்ஜீனியாவில். ஆலன் மன்னிப்புக் கேட்டுவிட்டார், உண்மைதான். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்டாள்: "அப்பா, என்னையும் இப்படித்தான் வரவேற்பாங்களா?" நவம்பர் 7 அன்று என் செனட் வாக்கு ஜனநாயகக் கட்சியின் ஜிம் வெப்புக்கு. ரீகனிடம் கடற்படைச் செயலராக இருந்தவர், மகனை ஈராக்குக்கு அனுப்பிவிட்டு அந்த மகனின் காலணியைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறார். அவர் உங்களிடமிருந்து போனவர் என்பதை யோசியுங்கள்.

அவைக்கான வாக்கில்தான் எனக்குத் தடுமாற்றம். எங்கள் தொகுதி உறுப்பினர் மேல் ஒரு கறையும் இல்லை. நாடு முழுவதும் கோபம் இருந்தாலும் தங்கள் உறுப்பினரை மக்கள் கைவிட மாட்டார்கள் என்ற கணக்கில் நீங்கள் இருக்கிறீர்கள். எதிர்க்கட்சிக்கு வேண்டியது 15 இடங்கள்; தொகுதி எல்லைகளை நீங்கள் வரைந்த விதத்தில் அது கிடைப்பது கடினம் என்கிறார்கள். ஆனால் ஜனவரியில் அவை கூடும்போது அந்த நல்ல மனிதர் முதலில் செய்யப்போவது சபாநாயகரைத் தேர்ந்தெடுப்பது. அவருக்கு நான் போடும் வாக்கு அதே தலைமைக்குத்தான் போகும். என்னைப் போல இதைப் புரிந்துகொண்டவர்கள் என் தெருவிலேயே நான்கு வீடுகளில் இருக்கிறார்கள். எல்லோரும் உங்களுக்கு வாக்களித்தவர்கள்.

எனவே ஒன்று கேட்கிறேன். நெறிமுறைக் குழுவின் விசாரணை முடியட்டும் என்று நவம்பர் 7 வரை நாளைக் கடத்தாதீர்கள். யாருக்கு எப்போது என்ன தெரியும் என்பதை உங்கள் தலைவர்கள் இப்போதே, ஒரே மேடையில், மக்கள் முன் சொல்லட்டும். அதைச் சொல்ல மறுப்பவருக்கு ஜனவரியில் வாக்களிக்க மாட்டோம் என்று ஒவ்வொரு உறுப்பினரும் தொகுதி மக்களிடம் எழுதிக் கொடுங்கள். எங்கள் உறுப்பினர் அப்படி ஒரு வரி எழுதினால், என் அவை வாக்கு மீண்டும் அவருக்கே.

எங்கள் வாக்குச்சாவடி காலை 6 மணிக்குத் திறக்கும். விண்ணப்பத் தாள் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களுக்கு மூன்று முறை வாக்களித்த ஒரு தந்தை