பம்ப் பெட்டியில் உள்ள எண் தொட்டிக்குள் வராது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் கடல்நீர் மீன் தொட்டி வைப்பது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். உப்பின் அளவு, வெப்பநிலை எல்லாம் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். நீரோட்டத்துக்கு மட்டும் ஒரே ஒரு வரி: தொட்டியின் கொள்ளளவைப்போல் மணிக்கு இருபது மடங்கு இறைக்கும் பம்ப் வாங்கினால் போதும் என்று. அதை நம்பிக் கடைக்குப் போகிறவர்களின் பணம் வீணாகும். நான் தென்னாப்பிரிக்காவில், தெற்கு டர்பனில் காகித ஆலையில் பம்ப் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுக் கூடத்தில் 300 லிட்டர் கடல் தொட்டி இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பம்ப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணீரைக் கொஞ்சமும் மேலே ஏற்றாதபோது கிடைப்பது. ஓரத்தில் சிறிய எழுத்தில் இன்னொரு எண் இருக்கும்: அதிகபட்ச உயரம் 2.5 மீட்டர் என்பதுபோல. அந்த உயரத்துக்குப் போனால் ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம். கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப் என்ற துணைத்தொட்டியிலிருந்து மேல்தொட்டி விளிம்புவரை ஒன்றரை மீட்டர் ஏற்ற வேண்டும், வழியில் இரண்டு மூன்று எல்போ (குழாய் வளைவு) வேறு. மணிக்கு 3000 லிட்டர் என்று விற்கப்பட்ட பம்ப் அங்கே பாதி கொடுத்தால் பெரிது. சந்தேகம் இருந்தால் குழாய் முனையில் 10 லிட்டர் வாளியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். 24 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 1500 லிட்டர். என் தொட்டிக்கு அது ஐந்து மடங்கு. வடிகட்டிக்கும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மருக்கும் அவ்வளவு போதும். இருபது மடங்கு வேண்டுமானால், தொட்டிக்குள்ளேயே கண்ணாடியில் ஒட்டி நின்று நீரைத் தள்ளும் பவர்ஹெட் என்ற சிறு பம்ப்தான் அதைத் தர முடியும். அதற்கு ஏற்றும் வேலை கிடையாது.

எத்தனை மடங்கு என்பதும் வளர்க்கும் உயிரைப் பொறுத்தது. மென்பவளங்களுக்கு 10 முதல் 20, அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்கு 40க்கும் மேல் என்று தொட்டி வைத்திருப்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நீர் எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலின் வடக்கே சோட்வானா வளைகுடா இருக்கிறது. 1999இல் உலகப் பாரம்பரியக் களமான இசிமங்கலிசோ பூங்காவைச் சேர்ந்த இடம். பழங்கால மணல்மேடுகள் கல்லாக இறுகிக் கடலுக்குள் கிடக்க, அவற்றின்மேல் பவளங்கள் படர்ந்திருக்கின்றன. அதிலும் மென்பவளங்களே மிகுதி. அங்கே நீருக்குள் பார்த்தால், அலை வரும்போது எல்லாம் ஒருபுறம் சாயும், பின்வாங்கும்போது மறுபுறம் சாயும். பவளத்தால் இடம்பெயர முடியாது. உணவும் ஆக்சிஜனும் நீரோடு வர வேண்டும், அதன் சளியும் கழிவும் நீரோடு போக வேண்டும். ஒரே பக்கமிருந்து நாள் முழுவதும் பீய்ச்சினால் ஹேமர் என்ற சதைப்பற்றுள்ள பவளத்தின் சதை உரிந்து சுண்ணாம்புக் கூடு வெளியே தெரியும். எங்கள் கோயில் தமிழ் வகுப்புக்கு வரும் பையன்கள், “தாத்தா, பவளம் சுருங்கியே கிடக்கு, இன்னும் பெரிய பம்ப் போடவா?” என்று கேட்பார்கள். போய்ப் பார்த்தால் இருக்கிற பம்பே அதன் முகத்துக்கு நேராக நிற்கும். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு வைத்து, மாறி மாறி ஓடவிடுங்கள் என்பேன். ஒன்றை முன்கண்ணாடியில் மோதவிட்டால் நீர் சிதறித் திரும்பும். பிறகு ஒரு சிட்டிகை உணவைத் தூவிவிட்டுப் பாருங்கள். பாறைக்குப் பின்னால் அது எங்கே போய்ப் படிகிறதோ அங்கேதான் கழிவும் தேங்கும், சிவப்புப் பாசியும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

பவர்ஹெட்டில் சுண்ணாம்புப் பாசி ஏறினால் வேகம் மெல்ல மெல்லக் குறையும். வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் சரியாகும்.

உங்கள் கட்டுரையில் மின்வெட்டு பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். 2023இல் இங்கே லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளில் பல தடவை, இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று மின்சாரம் போனது. 26 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், கடல்நீர் 7கூடத் தாங்காது. நீரின் மேற்பரப்பு அசையாவிட்டால் செலவானது திரும்பி உள்ளே வராது. இரவில் இன்னும் ஆபத்து, ஏனென்றால் வெளிச்சம் இல்லாதபோது பவளத்துக்குள் வாழும் பாசியும் ஆக்சிஜனைச் செலவழிக்கத்தான் செய்யும். 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும் டிசி பவர்ஹெட் ஒன்றையும், அதற்குப் பொருந்தும் பேட்டரியையும் வைத்திருந்தால் அந்த நேரத்தைக் கடந்துவிடலாம். அதற்கும் வசதி இல்லாதவர்கள் பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பாவது வாங்கி வையுங்கள். இன்னொன்று, சம்பிலிருந்து ஏற்றும் மெயின் பம்ப் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே சம்புக்குத் திரும்பி வழியும். குழாய் முனையில் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சிறு துளை இருந்தால் காற்று புகுந்து அது நிற்கும். அந்தத் துளையைப் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பகலில் நீங்களே சுவிட்சை அணைத்து, சம்ப் நிரம்பி வழிகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

அடுத்த இணைப்பில் விளக்குகள் பற்றி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். விலை உயர்ந்த விளக்கைப் பரிந்துரைக்கும் முன் பேட்டரிக்கும் வாளிச் சோதனைக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப் ஃபிட்டர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்