மாதிரி டீசல் என்ஜினின் கைப்பிடியை வெட்டி எறியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் உங்கள் நாளிதழின் வேலூர் பக்கத்தில் ஒரு பள்ளிக் கண்காட்சியின் படம் வந்திருந்தது. மேசை மேல் வட்டமாகத் தண்டவாளம், அதில் ஓடும் மாதிரி டீசல் என்ஜின், சுற்றிலும் பிள்ளைகள். பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் என்ஜினின் பக்கவாட்டில் ஏதோ குறைவதுபோல் தோன்ற, மறுநாள் நேரிலேயே போய்ப் பார்த்தேன். கைப்பிடிக் கம்பி ஒன்றுகூட இல்லை. கம்பியைத் தாங்கும் குத்துக்கால்கள் நின்ற துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. பொறுப்பாசிரியரைக் கேட்டேன். "பிளாஸ்டிக் சார், ஒவ்வொண்ணா உடைஞ்சு தொங்குச்சு. பார்க்க அசிங்கமா இருக்குன்னு வெட்டி எடுத்துட்டோம்" என்றார்.

அவரைக் குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் வாங்கி அனுப்பும் மாதிரி என்ஜின்கள் நம் ஊரில் பல வீடுகளில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் முதலில் போவது கைப்பிடிதான். அப்புறம் என்ஜினே பரண் மேல் போய்விடுகிறது. இதைச் சரிசெய்ய முடியும். அதற்கு வேண்டிய பொருளும் கைத்திறனும் வேலூரிலேயே இருக்கின்றன. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் டீசல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தவன். காட்பாடி – விழுப்புரம் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் ஒய்.டி.எம். 4 என்ஜின்களில் வேலை பார்த்தேன். அது அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. 1968 முதல் வாரணாசியிலேயே தயாரானது. நீளமான என்ஜின் கூடு, அதன் ஓரமாக ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் பாதை. ஆரணி ரோட்டிலோ போளூரிலோ எதிர் வண்டிக்கு வழிவிட வண்டி நின்றால் நான் வெளியே வந்து, அந்தப் பாதையில் போய், தண்ணீர் மட்டத்தையும் என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் எண்ணெயையும் பார்த்துவிட்டு வர வேண்டும். காலடியில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். ஐப்பசி மழை ராத்திரியில் கையில் டார்ச் வேறு. என் முதல் டிரைவர் சார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: "தம்பி, என்ன வேலை இருந்தாலும் ஒரு கை கம்பியில இருக்கணும்." அந்தக் கம்பி இல்லாவிட்டால் நாங்கள் யாரும் ஓய்வு பெறும் வயதைப் பார்த்திருக்க மாட்டோம். ஆகவே அதை அலங்காரச் சாமான் என்று யாராவது நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. டீசல் என்ஜினில் மனிதன் கை வைக்கும் இடம் அது. அது இல்லாத மாதிரியைப் பார்க்கும் பிள்ளைக்கு, அந்தப் பெரிய இரும்பு மேல் ஒருவன் நடமாடி வேலை செய்தான் என்பதே தெரியாமல் போகும்.

சரி, மாதிரியில் கைப்பிடி ஏன் இவ்வளவு நோஞ்சானாக வருகிறது? நம் கைக்கு வரும் மாதிரிகளில் அதிகமானவை எச்.ஓ. அளவு, அதாவது 87-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி ஆள் இதில் 2 செ.மீ. உயரம்கூட இருக்கமாட்டான். நிஜத்தில் 25 மி.மீ. குழாய் என்றால் மாதிரியில் 0.29 மி.மீ. வர வேண்டும். அச்சில் ஊற்றும் பிளாஸ்டிக்கை அவ்வளவு மெல்லியதாக எடுத்தால் நிற்காது. அதனால் தடிமனாக எடுக்கிறார்கள். நான் அளந்து பார்த்த ஒன்று 0.7 மி.மீ. இருந்தது. 87-ஆல் பெருக்கினால் 60 மி.மீ. குழாய்! அதை உள்ளங்கையால் சுற்றிப் பிடிக்கவே முடியாது. தடிமனாகவும் இருக்கிறது, உறுதியாகவும் இல்லை. மலிவு மாதிரிகளில் வரும் மொறமொறப்பான பிளாஸ்டிக் தொட்டால் ஒடியும். கொஞ்சம் விலை கூடியவற்றில் அசெட்டால் என்ற வழுக்குப் பிளாஸ்டிக்; டெல்ரின் என்றும் சொல்வார்கள். அது ஒடியாது, ஆனால் நெளியும். பெட்டிக்குள் அமுங்கிய வளைவு அப்படியே தங்கிவிடும். பசையும் பெயின்டும் அதில் லேசில் ஒட்டாது. சுடுதண்ணீரில் முக்கி நேராகப் பிடித்து ஆறவிடலாம் என்பார்கள். செய்து பார்த்தேன். நம் வேலூர் வெயிலுக்குச் சீக்கிரமே பழையபடி நெளிந்துவிட்டது. எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை. ஏத்தர்ன் என்ற அமெரிக்க மாதிரி ரயில் நிறுவனத்தின் பழைய மாதிரிகளில் தகட்டுக் குத்துக்காலும் எஃகுக் கம்பியும் கொடுத்தார்கள். கொஞ்சம் முரடு என்றாலும் நின்றது.

மாற்றுவதற்குப் பித்தளைக் கம்பிதான் சரி. கடையில் 30-ம் நம்பர் என்று கேட்டால் ஏறக்குறைய 0.31 மி.மீ. கிடைக்கும். குத்துக்காலுக்கு ஒரு சுற்று தடிமனாக 28-ம் நம்பர்; நம்பர் குறைந்தால் தடிமன் கூடும். பாஸ்பர் பிரான்ஸ் என்ற வெண்கலக் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது, விறைப்பாக நிற்கும். மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து செம்புக் கம்பி வாங்கி வராதீர்கள். விரல் பட்டாலே வளையும், மேலே எனாமல் பூச்சு வேறு. கிட்டார் தந்தியை ஒரு பையன் கொண்டுவந்தான். விறைப்பு இருக்கிறது, ஆனால் ஈயம் சுலபத்தில் பிடிப்பதில்லை, மழைக்காலத்தில் துருவும் ஏறுகிறது.

எனக்கு இந்த வேலையில் கை கொடுத்தவர் லாங்கு பஜார் பக்கம் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பத்தர். மெஷின் நகை வந்தபின் அவருக்குக் கைவேலை குறைந்துவிட்டது. அந்த விரல்களுக்கு இருக்கும் பழக்கம் வேறு யாருக்கும் வராது. கம்பியை வைஸில் ஒரு முனை கடிக்கவிட்டு, மறு முனையைக் குறடால் பிடித்து, லேசாக இளகும்வரை ஒரே சீராக இழுத்தார். அவ்வளவுதான், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராகிவிட்டது. அந்த இழுப்பிலேயே கம்பிக்கு விறைப்பும் ஏறுகிறது. குத்துக்காலின் தலையில், கைப்பிடிக் கம்பி நுழையும் அளவுக்கு ஒரு சிறு கண் முறுக்கிக் கொடுத்தார்.

ஓர் இடத்தில் மட்டும் அவரோடு எனக்கு வாக்குவாதம். "ஈயம் எதுக்கு சார், வெள்ளிப் பொடி வெச்சு ஊதிடலாம், ஜென்மத்துக்கும் விடாது" என்றார். விடாது என்பது உண்மை. ஆனால் அந்தப் பற்று உருக 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இழுத்து ஏற்றிய விறைப்பு அந்தச் சூட்டில் போய்க் கம்பி மெத்தென்று ஆகிவிடும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த 60–40 ஈயப்பற்று 190 டிகிரியை ஒட்டியே உருகிவிடுகிறது. ஒன்றை அவர் சொன்னபடியும் இன்னொன்றை நான் சொன்னபடியும் செய்து, இரண்டையும் வளைத்துப் பார்த்தபின் ஒப்புக்கொண்டார்.

செய்யும் முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பழைய பிளாஸ்டிக் கைப்பிடியை எடுத்ததும் ஒரு பலகையில் வைத்து பென்சிலால் அதன் உருவத்தை வரைந்துகொள்ளுங்கள். குத்துக்கால் வரும் இடங்களில் துளை போட்டு, கம்பிகளை அதில் நிறுத்தி, பலகை மேலேயே பற்ற வையுங்கள். என்ஜின் உடம்பில் பொருத்திவிட்டு அங்கே பற்றவைக்கக் கூடாது, பிளாஸ்டிக் உருகும். உப்புத்தாளால் தேய்த்து, பற்றவைக்கும் பேஸ்ட் தொட்டு, கடுகளவு ஈயம் போதும். ஒரு கணுவைச் சூடாக்கும்போது பக்கத்துக் கணு விட்டுவிடும். அதைத் தடுக்க அந்தப் பக்கத்துக் கணுவில் ஈரப் பஞ்சைச் சுற்றிச் சாமணத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈயம் நச்சு. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

உடம்பில் பொருத்த அரால்டைட் போன்ற இரண்டு குழாய்ப் பசைதான் என் தேர்வு. உடனே ஒட்டும் பசை பக்கத்துப் பெயின்டின் மேல் வெள்ளைப் புகை படியவிடும். பெயின்ட் அடிக்குமுன் கம்பியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலோகத்துக்கான பிரைமர் மெல்லிசாக ஒரு கோட் கொடுங்கள். தடிமனாகப் பூசினால் மெல்லிய கம்பி தேடி அலைந்ததற்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்று மிக முக்கியம். பல மாதிரிகளில் உள்ளே இருக்கும் உலோகச் சட்டம் இரண்டு பாதியாக இருக்கும். அதன் வழியாகத்தான் தண்டவாளத்திலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தவரை கவலை இல்லை. இப்போது பித்தளை. குத்துக்காலின் அடி நீட்டிக்கொண்டு போய் இரண்டு பக்கமும் சட்டத்தைத் தொட்டால் ஷார்ட் ஆகும். உள்பக்கம் வந்த முனையை ஒட்ட வெட்டி, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மூடும் முன் மல்டிமீட்டரால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பொருத்தியபின் என்ஜினைத் தூக்கும்போது நடுவில் இருக்கும் டீசல் டேங்கின் கீழே விரல் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். கைப்பிடி இருக்கிறதே என்று பிள்ளைகள் அதைப் பிடித்துத்தான் தூக்குகிறார்கள்.

1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம் வாலாஜா ரோடு வரைதான் வந்தது. அதனாலோ என்னவோ இங்கே கண்காட்சி என்றால் நீராவி என்ஜினைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். செய்யட்டும். டீசலையும் அதே அக்கறையோடு வைக்க வேண்டும் என்று பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவு மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சியும்கூட: அளவெடுப்பது, 0.4 மி.மீ. துளை போடுவது, பற்றவைப்பது எல்லாம் ஒரே வேலையில் வந்துவிடுகிறது. கைவேலைக்கு ஆள் வராத நகைப் பட்டறைகளை அவர்கள் தேடிப் போனால் இரு தரப்புக்கும் நல்லது.

உங்கள் மாணவர் பக்கத்தில் இதைப் படத்தோடு வெளியிட முடிந்தால் வரைபடம் நான் போட்டுத் தருகிறேன். அந்தப் பள்ளியின் என்ஜினுக்கும் கைப்பிடி செய்து தருவதாக ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே வெட்டிய துண்டுகளை ஏற்கெனவே குப்பையில் போட்டுவிட்டார்கள். துளைகளின் இடைவெளியை வைத்து நீளத்தைக் கணக்கிடலாம், உயரத்துக்குத்தான் வேறு மாதிரி ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது. வேறு யாராவது இந்த வேலையில் இறங்கினால், உடைந்த கைப்பிடித் துண்டுகளை ஒன்று விடாமல் ஒரு கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அளவெடுக்க அது வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லோகோ பைலட்,
காந்தி நகர், காட்பாடி.