ரஜூலாவை மரத்தில் செய்ய உதவிய எல்லோருக்கும்

ரஜூலா கப்பலின் மர மாதிரி முடிந்துவிட்டது, சுக்கானைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன். வந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "தனியாளாகவா செய்தீர்கள்?" என்று கேட்கிறார்கள், நான் சிரித்துக்கொண்டு நின்றால் ஆமாம் என்றே ஆகிவிடும், அதனால்தான் இந்த மடல்.

இளையவர்களுக்காக ஒரு வரி: ரஜூலா 1926-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டிய நீராவிக் கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை போய்வந்தது. எங்கள் ஐயா பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடி வேலைக்கு, பினாங்குக்குப் போனது அதில்தான். தோட்ட வேலைக்குப் போனவர்களும் அதே தளத்தில்தான் படுத்துக்கொண்டு போனார்கள். வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நிற்கும் பர்மாத் தேக்குத் தூணைத் தட்டித் தட்டிக் காட்டுகிற நாம், கடல் கடந்து கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்களை ஏற்றிப்போன கப்பல் ஒன்றின் படத்தையாவது முகப்பில் மாட்டியிருக்கிறோமா? எனக்கு இது நெடுநாள் குறை.

முதல் நன்றி பெரிய ஆசாரி அண்ணனுக்கு. நிலையும் கதவும் செய்கிறவரிடம் போய்க் கப்பல் என்றதும் கேலி செய்வார் என்று நினைத்தேன், அவரோ வரைபடத்தை வாங்கித் திண்ணையில் விரித்துவிட்டு "அடிக்கு அரை நூல் வைங்க, மேசையில நிக்கும்" என்றார். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பதால் அடிக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. அசல் கப்பல் சுமார் 477 அடி, நம்முடையது ஏறக்குறைய 30 அங்குலம். உடம்புக்குத் தேக்கு வேண்டாம், வளைவு செதுக்கக் குமிழ் மரம்தான் உளிக்குக் கேட்கும் என்றதும் அவர்தான். பலகைகளை ஒவ்வொன்றும் அந்தந்த உயரத்துக் குறுக்குவெட்டு வடிவில் அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, படிபடியாக நிற்கும் விளிம்பை உளியாலும் இழைப்புளியாலும் எடுத்துவிட்டு, அட்டையில் வெட்டிய அச்சை இடையிடையே வைத்துப் பார்த்துக்கொண்டே உப்புத்தாள் போட வேண்டும். அச்சு சரியாகப் பொருந்திய இடத்தில்கூட அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தடவி "இடது தோள் கொஞ்சம் தூக்குது" என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. இழைத்துப் பார்த்தால் அவர் சொன்னதே சரி.

தளத்துக்கு மட்டும் தேக்கு, அதுவும் பர்மாத் தேக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர், உடைந்த சன்னல் சட்டத்துக்குக் காசு வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். (அதே கடையில் ஒரு பித்தளைச் செம்புக்கு என்னிடம் வாங்கிய விலையை இங்கே சொல்லாமல் விடுகிறேன், கணக்கு நேர்.) அதை மெல்லிய பட்டைகளாக அறுத்து, ஓரத்தில் பென்சில் கரியைத் தேய்த்து ஒட்டினால், பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கிற கலப்பத்து அடித்த கோடு மாதிரியே தெரிகிறது.

நகை ஆசாரித் தம்பியின் வேலைதான் எல்லோரும் குனிந்து பார்ப்பது. பித்தளைக் கம்பியை முடி கனத்துக்கு இழுத்துக் கைப்பிடிச் சுற்றுக்குப் பற்றவைத்தார். வட்டச் சன்னல்களுக்கு, ஊசியில் கம்பியைச் சுற்றி நீளவாக்கில் வெட்டி வளையம் வளையமாக உதிர்த்தார், சங்கிலிக்குச் செய்கிற அதே முறை. கூலி வாங்கவில்லை. தம்பி, இப்படிச் செய்தால் அடுத்த கப்பலுக்கு எந்த முகத்தோடு வருவது?

புகைபோக்கியும் பாய்மரக் கம்பங்களும் கடைசல் பட்டறையில் கடைந்தவை, அவர்களுக்கும் நன்றி. கயிறுக்கு நூல் பிசிறடித்தபோது தேன்மெழுகில் இழுத்துக் கட்டச் சொன்ன தையல்கடை அக்காவுக்கும்.

புகைபோக்கி நிறத்துக்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது. சிவப்புதான் என்று ஒரு பெரியவர் சாதித்தார். பினாங்கு மச்சான் பழைய வண்ண அஞ்சலட்டையைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் அடங்கியது: கறுப்பு, நடுவில் இரண்டு வெள்ளைப் பட்டை. பெரியவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பெரியவரே, உங்களுக்குத்தான் நான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், படகில் போய் ஏணியில் ஏற வேண்டும் என்று நீங்கள் சொன்னதால்தான் பக்கவாட்டில் ஏணி இறங்கி நிற்கிறது. "ஆளில்லாத டெக்கு என்னத்துக்கு?" என்று நீங்கள் கேட்டதும் நியாயம். மனிதர்களை அந்த அளவில் செதுக்க என்னால் ஆகாது, அதனால் பாயும் தகரப் பெட்டியும் வைத்தேன். மூன்று நூல் நீளப் பாய்கள். கொட்டான் (ஓலைக்கூடை) முடைகிற ஆச்சி பனை ஓலையைச் சீவி, கோடு கீறி, ஒரு தீப்பெட்டி நிறையக் கொடுத்தார்கள். முதல் வகுப்பு அறைகளைவிட எனக்கு அந்தத் தளம்தான் பிடித்திருக்கிறது.

அப்புறம் சுக்கான். தண்ணீருக்கு மேலே இருப்பதற்குப் படங்கள் நிறையக் கிடைத்தன, பின்பக்கம் அடியில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. உலர்துறையில் நிற்கும்போது எடுத்த படம் யார் வீட்டுப் பெட்டகத்திலாவது இருந்தால் கொடுங்கள், பிரதி எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தருகிறேன். அதுவரை சுக்கானை ஒட்டமாட்டேன். கப்பல் முகப்பிலேயே இருக்கும், மாலையில் யாரும் வரலாம், குழந்தைகள் தொட்டால் ஒன்றும் ஆகாது, ஏணியை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டாம்.