மதினிக்கு, ஒரு பூசைச் சீட்டைப் பற்றி

அன்புள்ள மதினிக்கு,

இதைத் தாளில் எழுதி உங்கள் கையிலேயே கொடுத்திருக்கலாம். உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே பத்துத் தென்னைகள்தான் நிற்கின்றன. ஆனால் நான் உங்களை அவமதித்தது கோயில் முற்றத்தில், ஊரார் நடுவில். மன்னிப்பை மட்டும் மறைவாகக் கேட்பது நேர்மையாகப் படவில்லை. ஊரில் பலர் இதைப் படிப்பார்கள் என்பதால் சிலவற்றை எழுதாமல் விடுகிறேன். உதவித்தொகை எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது அவற்றுள் ஒன்று. அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த 2025-ஆம் ஆண்டு நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. ஒக்கிப் புயலில் அண்ணன் கடலில் காணாமற்போய் எட்டு ஆண்டுகளாகின்றன. எனக்கு இன்றும் கண்முன் நிற்பது 2017-இன் அந்த இரவு அல்ல, 2018-ஆம் ஆண்டின் முதல் நினைவு நாள் காலைதான்.

அன்று வெள்ளிக்கிழமை, திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். நீங்கள் பெண்கள் பக்கத்தில், தூணை ஒட்டி, பச்சைச் சேலை உடுத்து, தாலி வெளியே தெரிய நின்றீர்கள். செபமாலையை விரல்களில் உருட்டாமல் பெருவிரலைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தீர்கள். விரல் நுனி வெளுத்திருந்ததைக்கூட நான் பார்த்தேன். திருப்பலி தொடங்குமுன் பங்குத்தந்தை, இன்னாருக்காக, இன்னது வேண்டி என்று சீட்டில் எழுதிக் கொடுத்த அன்றைய பூசைக் கருத்துகளை வாசித்தார். முதலில் அண்ணனின் பெயர், "ஆன்ம இளைப்பாற்றிக்காக, தம்பி." அடுத்து வேறொருவருடைய நன்றிப் பூசை. அதற்கடுத்து மீண்டும் அண்ணனின் பெயர், "நலமாய்த் திரும்பி வர வேண்டி, மனைவி." வாசித்த பிறகுதான் பங்குத்தந்தைக்கே உறைத்தது போலும்; சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை, சிரிப்பு என்றே அன்று எனக்குத் தோன்றியது. இன்று யோசித்தால் இருமலாகவும் இருந்திருக்கலாம்.

நற்செய்தியில், கலிலேயக் கடலோரம் வலை வீசிக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் வலைகளை விட்டுவிட்டு ஆண்டவரின் பின்னே போன பகுதியை வாசித்தார்கள். நம் வீட்டில் கடலை விட்டுக் கரையேறியவன் நான் ஒருவன்தான். அதுவும் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சுறாத் தூண்டில் போட்டுக் கட்டிய கட்டணத்தில். அதை நினைத்து வெட்கப்பட வேண்டிய நேரத்தில் நான் ஊர்ச் சிரிப்பை நினைத்து வெட்கப்பட்டேன். பூசை முடிந்ததும் கொடிமரத்தடியில் உங்களை நிறுத்தி, "செத்தவனை உயிரோடு வைத்து ஊரைச் சிரிக்க வைக்காதீர்கள்" என்று உரக்கச் சொன்னேன். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, உங்க பூசை உங்களுக்கு, எம் பூசை எனக்கு. ரெண்டையும் சாமி கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதன்பின் நீங்கள் என்னோடு பேசவில்லை.

அந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் எனக்கும் ஒரு நியாயம் இருந்தது, மதினி. காணாமற்போனவர் இறந்துவிட்டதாகக் கொள்ள ஏழு ஆண்டுகள் கழிய வேண்டும் என்பது சட்டம். ஒக்கிக்காக அதைத் தளர்த்தி 20 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். போட்டின் பேரில் இருந்த கடன் ஏழு ஆண்டுகள் காத்திருக்காது. வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றபோது பதில் சொன்னவன் நான். அண்ணனின் மகனைப் பள்ளியில் சேர்த்தவனும் நான். 'இறந்துவிட்டார்' என்ற தாளில் கையெழுத்திடும்படி உங்களை வற்புறுத்தியது உண்மை. வேறு யார் அதைச் செய்திருப்பார்கள் என்று ஒருமுறையாவது நீங்கள் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

கையெழுத்துக்காக வாதாடியதோடு நான் நின்றிருக்க வேண்டும். அதற்கு வேதத்தையும் துணைக்கு இழுத்தேனே, அதுதான் குற்றம். கொச்சியிலிருந்து போன போட்டுகளில் ஒன்றிரண்டு லட்சத்தீவில் ஒதுங்கிவிட்டன என்று செய்தி வந்து, அதில் அண்ணனுடையது இல்லை என்று தெரிந்த மூன்றாம் நாளே, "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்று உங்களிடம் ஓதினேன். பிள்ளைகளையும் உடைமைகளையும் ஒரே நாளில் இழந்த யோபு அதைத் தன் இழப்பைப் பற்றித் தன் வாயால் சொன்னார்; நான் அதை உங்கள் இழப்பின்மேல் தூக்கி வைத்தேன். யோபுவின் நண்பர்கள்கூட ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் வாய்திறவாமல் இருந்தார்கள். நூல் முழுவதிலும் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். எனக்கு அந்தப் பொறுமையும் இருக்கவில்லை.

கடந்த தவக்காலத்தில் அந்த நூலை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பள்ளியில் எத்தனையோ முறை அதைக் கதையாகச் சொன்னவன்தான். முடிவு மட்டும் இம்முறை வேறாகத் தெரிந்தது. யோபு இழந்ததெல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது: 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன, 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆகின்றன. ஆனால் பிள்ளைகள் முன்போலவே ஏழு ஆண்களும் மூன்று பெண்களும்தான். செத்துப்போன பத்துப் பேருக்கு இருபது பேர் என்று கடவுள் கணக்குப் போடவில்லை. நான் 20 லட்சம் என்று போட்டேன். கடவுளுக்காக அத்தனை அத்தியாயங்கள் வாதாடிய நண்பர்களைப் பார்த்து அவரே சினந்து, என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் என் ஊழியன் யோபுதான் என்கிறார். யோபு பேசியதில் பெரும்பகுதி சண்டை.

உங்கள் சண்டையும் நினைவுக்கு வந்தது. கடலில் புயலடிக்க, ஆண்டவர் படகின் பின்பகுதியில் தலையணை வைத்துத் தூங்கிய பகுதியைச் சொல்லி ஒரு பெரியவர் உங்களைத் தேற்ற வந்தபோது, "அந்தப் படவுல எழுப்பினாங்க, எழும்பினாரு. எங்க போட்டுல எழுப்பாமலா இருந்திருப்பாங்க?" என்று கேட்டீர்கள். அவர் எழுந்து போய்விட்டார். நான் உங்களைக் கண்டித்தேன். அப்படிக் கேட்டுவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமையே அந்தோணியார் குருசடியில் மெழுகுதிரியோடு நின்றீர்கள். காணாமற்போனதைக் காட்டித் தருபவர் அல்லவா அவர். கேள்வியையும் விடவில்லை, திரியையும் விடவில்லை. எச்சரிக்கை வந்துசேராத ஆழ்கடலில் அண்ணன் இருந்ததற்கும், ஆசிரியர் சம்பளத்தோடு நான் கரையில் இருந்ததற்கும் எந்த நியாயமும் இல்லை என்பதைக் கடவுளின் முகத்துக்கு நேராகச் சொன்னவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். நான் அதை விசுவாசக் குறைவு என்று பெயரிட்டேன். கோபித்துக்கொள்ளும் அளவுக்குக் கடவுளிடம் எனக்கு நெருக்கம் இருந்ததா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

இவ்வளவு எழுதிய பிறகும் ஒன்று உள்ளே கிடந்து உறுத்துகிறது. அதை விட்டுவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். அம்மாவும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். தம் பிள்ளைக்கு ஒரு கல்லறை வேண்டும், பெயரை மட்டுமாவது பொறித்து வையுங்கள் என்று சாகும்வரை கேட்டார். உங்களுக்காக நான் அதைச் செய்யவில்லை. அவரை அடக்கம் செய்த நாளில் நீங்கள் கல்லறைத் தோட்டத்தின் வாசல்வரை வந்து திரும்பிப் போனீர்கள். உள்ளே கால் வைத்தால் அண்ணன் இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. புரிவதால் ஆறிவிடவில்லை. ஒரு பிடி மண், மதினி. அம்மாவுக்காக ஒரு பிடி மண் போட்டிருக்கலாம்.

சரி, சீட்டைப் பற்றிச் சொல்ல வந்தேன். இவ்வாண்டு அந்த நாளில் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு வருவதால் அந்திரேயாவின் வாசகம் கிடையாது. மத்தேயு நற்செய்தியின் 24-ஆம் அதிகாரம்: வெள்ளம் வந்து வாரிக்கொண்டு போகும்வரை ஒன்றும் அறியாதிருந்த மக்கள், ஒன்றாயிருந்த இருவரில் ஒருவர் எடுத்துக்கொள்ளப்பட, மற்றவர் விடப்படுகிறார். ஏன் அவர், ஏன் இவர் என்று அங்கும் காரணம் சொல்லப்படவில்லை. விடப்பட்டவனாக அதைக் கேட்டுக்கொண்டு, ஏழு ஆண்டுகளாக எழுதிக் கொடுத்த அதே வரியைக் கொடுக்க எனக்கு இம்முறை மனம் வரவில்லை.

அதனால் சீட்டில் அண்ணனின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று எழுதவில்லை. 'திரும்பி வர வேண்டி' என்று எழுத எனக்கு வாயும் வரவில்லை, கையும் வரவில்லை. பெயருக்குக் கீழே 'மனைவி, தம்பி' என்று இருவரையும் ஒரே சீட்டில் போடலாமா என்பதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும். மகனிடம் சொல்லி அனுப்பினாலும் போதும். சனிக்கிழமை மாலை செபமாலைக்கு முன் சீட்டைக் கோயிலில் கொடுத்தாக வேண்டும்.

உங்கள் கொழுந்தன்