புதுக்கோட்டைக்கென்று ஒரு நாடாளுமன்றத் தொகுதி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொகுதி மறுவரையறை பற்றி உங்கள் இதழில் தொடர்ந்து கட்டுரைகள் வருகின்றன. நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் மிஞ்சும் என்ற கவலை எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும் உண்டு. ஆனால் 2008 மறுவரையறையில் மாநிலத்தின் 39 இடங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. அப்படியிருந்தும் எங்கள் மாவட்டம் தன் தொகுதியைப் பறிகொடுத்தது. அதை யாரும் எழுதக் காணோம், அதனால் நான் எழுதுகிறேன்.

புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் மன்னர்களின் தனிச் சமஸ்தானம். இந்தியாவோடு இணைந்த பிறகு அதைத் திருச்சி மாவட்டத்தோடு சேர்த்தார்கள். தனி மாவட்டம் கிடைத்தது 1974 ஜனவரியில்தான். மாவட்டம் இல்லாத அந்தக் காலத்திலும் முதல் பொதுத் தேர்தலிலிருந்தே எங்களுக்கு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. அந்தத் தேர்தலில் நாடெங்கும் காங்கிரஸ் அலை. இங்கே ஜெயித்தவரோ முத்துசாமி வல்லத்தரசு. சமஸ்தான காலத்தில் தர்பாரை, அதாவது மன்னரின் நிர்வாகத்தை, எதிர்த்து நின்ற வழக்கறிஞர், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி வேட்பாளர். அரசாட்சியில் குடிமக்களாக இருந்தவர்கள் முதன்முறையாக டெல்லிக்கு ஆள் அனுப்பும்போது, தர்பாரைத் தட்டிக்கேட்டவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இதை எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1957-ல் காங்கிரசின் ராமநாதன் செட்டியார் வந்தார். 1962-லும் 1967-லும் ஆர். உமாநாத், முதலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து, கட்சி பிரிந்தபின் மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து. 1971-ல் தி.மு.க., 1977-ல் அ.தி.மு.க., 1980-ல் மறுபடி காங்கிரஸ். 1984, 1989, 1991 மூன்று தேர்தல்களிலும் காங்கிரசின் என். சுந்தரராஜ். அப்புறம் 1996-ல் திருச்சி சிவா, 1998-ல் ராஜா பரமசிவம், 1999-ல் திருநாவுக்கரசர், 2004-ல் ரகுபதி. கடைசி இருவரும் மத்திய இணை அமைச்சர்களாகவும் இருந்தார்கள். எந்தக் கட்சிக்கும் பட்டா எழுதிக் கொடுத்த தொகுதி இல்லை இது. அதோடு சரி, 2009 தேர்தலில் தொகுதியே இல்லை.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லைகளை வகுத்தது. அப்போது வேறு பல தொகுதிகளும் மறைந்தன என்பது உண்மை. ஆனால் நாகர்கோவில் போய் கன்னியாகுமரி வந்தது, திருச்செந்தூர் போய் தூத்துக்குடி, பெரியகுளம் போய் தேனி, சிவகாசி போய் விருதுநகர். எல்லைகள் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்தந்த மாவட்டத்துக்கு ஒரு தொகுதி மிஞ்சியது. எங்களுக்கு அப்படி எதுவும் மிஞ்சவில்லை. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியோடு போயின. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு, அறந்தாங்கி இராமநாதபுரத்தோடு, விராலிமலை கரூரோடு. திருச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும் விராலிமலையைக் கரூரோடு சேர்த்த காரணம் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதில் என்னை அதிகம் உறுத்துவது கணக்குதான். தமிழ்நாட்டில் ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். அதே மறுவரையறையில் பழைய குளத்தூர் (தனி) மறைந்து, விராலிமலையும் கந்தர்வகோட்டையும் (தனி) புதிதாக வந்தன. ஆக, புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்போது சரியாக ஆறு. மக்கள்தொகை இடித்ததா என்றால் அதுவும் இல்லை. 2001 கணக்குப்படி மாநிலத்தில் ஒரு தொகுதிக்குச் சராசரி 16 லட்சம் பேர், புதுக்கோட்டை மாவட்டத்தில் 14.6 லட்சம் பேர். வித்தியாசம் பத்து சதவீதத்துக்கும் கீழே. மாவட்ட எல்லையை அப்படியே தொகுதி எல்லையாக எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

இப்போதைய நிலையில் திருச்சியில் ஆறில் இரண்டு, சிவகங்கையில் ஆறில் இரண்டு, கரூரிலும் இராமநாதபுரத்திலும் ஆறில் ஒன்று எங்களுடையவை. எந்தத் தொகுதியிலும் பாதியைக்கூடத் தொடவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, கந்தர்வகோட்டை, அறந்தாங்கி மூன்று பக்கமும் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. ஒரே புயல், ஒரே கலெக்டர். டெல்லியில் எங்களுக்காகப் பேச வேண்டியவர்கள் மட்டும் மூன்று தொகுதிகளின் எம்.பி.க்கள், மூவருக்கும் எங்கள் ஊர்கள் தொகுதியின் ஓரம். அவர்கள் யாரையும் குறைசொல்ல நான் வரவில்லை. அறந்தாங்கித் தொகுதியின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களுக்கு இராமநாதபுரத்தோடு இருப்பதில் ஒரு பொருத்தம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், கடல் பிரச்சினை இரு கரைக்கும் ஒன்றுதான். மற்ற ஐந்து தொகுதிகளுக்கும் அப்படி ஒரு காரணம் சொல்ல முடியுமா?

அறந்தாங்கியிலிருந்து பலமுறை சட்டமன்றத்துக்குப் போன திருநாவுக்கரசர் 2019-ல் திருச்சி எம்.பி. ஆனார். புதுக்கோட்டை நகரம் அவருடைய தொகுதிக்குள் இருந்தது, அறந்தாங்கி இல்லை. எங்கள் மாவட்டத்தைத் துண்டுபோட்டதன் விளைவுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2009-ல் '49 ஓ போடுவோம்' (யாருக்கும் வாக்களிக்கவில்லை என்று வாக்குச்சாவடியில் பதிவு செய்யும் விதி அது) என்று ஊரில் எழுந்த குரலும் இந்த ஆற்றாமையில் எழுந்ததுதான்.

அடுத்த மறுவரையறை எப்போது வந்தாலும், வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் தெரிவிக்க மக்களுக்கு வாய்ப்பு இருக்கும். போன முறை ஆணையத்தோடு நம் மாநிலத்திலிருந்து ஐந்து எம்.பி.க்கள், ஐந்து எம்.எல்.ஏ.க்கள் இணை உறுப்பினர்களாக உட்கார்ந்தார்கள். வரைவு வந்தபின் கூடிக் கத்துவதைவிட, எங்கள் ஆறு எம்.எல்.ஏ.க்களும் நான்கு எம்.பி.க்களும் கட்சி பார்க்காமல் இப்போதே ஒரே மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். மாவட்டத்தின் எல்லாக் கட்சிச் செயலாளர்களும் வணிகர் சங்கங்களும் விவசாயச் சங்கங்களும் அதோடு சேர வேண்டும். தங்கள் இதழ் மறுவரையறை பற்றி அடுத்து எழுதும்போது, எண்ணிக்கையோடு மாவட்ட எல்லைகளையும் எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுக்கோட்டை.