ஆண்டறிக்கை: படம் காட்டிய ஒரு வருடம்

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் நாம் எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான். தாய்ப்பால் தானத்தைப் பற்றி இனி மேடை போட்டுப் பேச வேண்டாம், படம் எடுத்துக் காட்டுவோம் என்பது. அந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டுதான் வருடம் முழுக்க ஓடியிருக்கிறோம், அதனால் இந்த அறிக்கையும் பெரும்பாலும் படங்களைப் பற்றித்தான் இருக்கும். கூட்ட நடவடிக்கைகளும் வருகைப் பதிவும் பதிவேட்டில் இருக்கின்றன, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. குறைமாதத்தில் பிறக்கிற குழந்தையின் குடல் இன்னும் முழுதாகத் தேறியிருக்காது. அந்தக் குடல் வீங்கி, திசு அழுகிப்போகிற ஒரு நோய் உண்டு, மருத்துவர்கள் சுருக்கமாக என்.இ.சி. என்பார்கள். பவுடர் பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு அது வரும் ஆபத்து, தானமாக வந்த தாய்ப்பால் குடிக்கிறவர்களைவிட அதிகம். பெற்றவளின் பால்தான் முதலில், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. அது கிடைக்காதபோது அடுத்தது இன்னொரு தாயின் பால் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1980-லேயே கூட்டாகச் சொல்லிவிட்டன. தானமாக வந்த தாய்ப்பாலைச் சோதித்துச் சேமித்துத் தருகிற பால் வங்கியும் நேற்று வந்த விஷயம் இல்லை, முதல் வங்கி 1909-ல் வியன்னாவில் திறந்தது. 1980-களில் எச்.ஐ.வி. பயத்தால் பல நாடுகளில் வங்கிகளை மூடினார்கள், பரிசோதனையும் பதப்படுத்தும் முறையும் உறுதிப்பட்ட பிறகு மறுபடியும் திறந்தார்கள். ஆசியாவின் முதல் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸின் முயற்சியால் வந்தது.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

முதல் படத்தில் நாம் செய்த தவறை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். உருக்கமான இசை, இன்குபேட்டரில் சின்னஞ்சிறு குழந்தை, "உங்கள் பால் ஒரு உயிரைக் காக்கும்" என்று கடைசியில் ஒரு குரல். எடுத்து முடித்தபோது நம் எல்லோருக்கும் கண் கலங்கியது, நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். அதைப் பிரசவ வார்டிலேயே காட்டினோம், பிள்ளை பெற்று இரண்டு மூன்று நாள்கூட ஆகாத தாய்மார்களுக்கு. படம் முடிந்ததும் ஓரத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "அக்கா, எனக்கே சொட்டுச் சொட்டாத்தான் வருது. என் பிள்ளைக்கே பத்தல. எல்லாரும் கொடுக்கிற மாதிரி காட்டுறீங்களே" என்றாள்.

அவளுக்கு அது இரண்டாம் நாள். அந்த நாளில் சீம்பால் அப்படித்தான் கொஞ்சமாக, கெட்டியாக, மஞ்சளாக வரும். பிள்ளைக்கு அந்த நேரத்துக்கு அதுவே போதும், பால் பெருகுவது அதற்கப்புறம்தான். இதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, நம் படமும் சொல்லவில்லை. தானம் கேட்கப் போன இடத்தில் ஒரு தாயை 'நான் போதாதவள்' என்று நினைக்க வைத்துவிட்டோம். அன்றைக்கே அந்தப் படத்தை நிறுத்தினோம். செயற்குழுவில் இதில் இரண்டு கருத்து இருந்தது, எடுத்த உழைப்பு வீணாகிறதே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு, ஆனாலும் நிறுத்தியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதிலிருந்து இரண்டு விதி வைத்துக்கொண்டோம். பிரசவ வார்டில் தானம் என்ற பேச்சே எடுப்பதில்லை. அங்கே காட்டுகிற படம் பால் எப்படி வருகிறது, எப்படிப் பிள்ளையை மார்பில் போடுவது என்பதைப் பற்றி மட்டும். தானத்தைப் பற்றிய படத்தை ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போது காட்டுகிறோம். அதற்குள் பெரும்பாலானவர்களுக்குப் பால் ஒரு நிலைக்கு வந்திருக்கும், தனக்கு மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று தாய்க்கே தெரிந்திருக்கும். காத்திருக்கிற நேரமும் கையில் இருக்கிறது.

இரண்டாவது படம் கைகளைப் பற்றியது. முழுக்க முழுக்கக் கைகள்தான், ஒரு முகம்கூடக் கிடையாது. துணியில் தைத்த பொம்மை மார்பை வைத்து முதலில் எடுத்தோம், பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் நம் உறுப்பினர் ஒருவர், ஐந்து மாதப் பிள்ளைக்காரி, தானே முன்வந்தார். படப்பிடிப்பில் பெண்கள் மட்டும், முகம் வராது, எப்போது வேண்டாம் என்றாலும் படத்தை நீக்கிவிடுவோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கேமராவைத் திறந்தோம். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விட வேண்டும். தோலின் மேல் வழுக்கித் தேய்க்கக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒன்றும் வராது. அந்தக் காத்திருப்பை எடிட்டிங்கில் வெட்டலாம் என்றார்கள், நான்தான் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். அந்த ஒரு நிமிடம் ஒன்றும் வராமல், அப்புறம் ஒரு துளி, அப்புறம் நான்கைந்து மெல்லிய தாரைகள் பாத்திரத்தின் ஓரத்தில் பட்டு இறங்குவதைப் பார்த்தபோதுதான் கூடத்தில் பேச்சு நின்றது. "ஓ, இவ்வளவு நேரம் ஆகுமா? நான் பத்து விநாடியில் விட்டுட்டேன்" என்று ஒருத்தி சொன்னாள். தரமான ஒலிபெருக்கியில் நாம் பேசிய எந்தப் பேச்சும் அப்படி ஒரு பதிலை வாங்கித் தந்ததில்லை.

மூன்றாவது படம் ஒரு புட்டியின் பின்னாலேயே போகிறது. தானம் கொடுக்க ஒத்துக்கொண்ட தாயிடம் முதலில் உடல்நலம் பற்றிக் கேட்கிறார்கள், மருந்து, புகை, மது எல்லாம் விசாரிக்கிறார்கள், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு ரத்தம் பார்க்கிறார்கள். பிறகு பால். அதை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, உடனே குளிரவைத்து, கிருமி இருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்த்து, மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். இவ்வளவு சூட்டில் சத்து எல்லாம் போய்விடாதா என்று எல்லாக் கூட்டத்திலும் கேள்வி வரும். கொஞ்சம் போகும் என்பதுதான் நேர்மையான பதில். நோயை எதிர்க்கும் பொருட்களில் ஒரு பகுதி குறைகிறது, கொழுப்பைச் செரிக்க உதவும் நொதி அழிந்துவிடுகிறது. ஆனால் குடலில் நல்ல கிருமிகளை வளர்க்கிற சர்க்கரைகள் அப்படியே நிற்கின்றன, எச்.ஐ.வி. போன்ற வைரஸ்கள் செயலிழந்துவிடுகின்றன. இந்த பதிலை மழுப்பாமல் படத்திலேயே வைத்தோம்.

படத்தின் கடைசிக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. 30 மில்லி பால் இருக்கிற ஒரு சின்னப் புட்டி, பக்கத்தில் ஊசி இல்லாத சிரிஞ்ச். ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கு ஆரம்ப நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்று அல்லது இரண்டு மில்லிதான், மெல்லிய குழாய் வழியாக. அப்படிப் பார்த்தால் இந்தப் புட்டி ஒரு முழு நாளுக்கும் மேல் வரும். "இத்தனூண்டு கொடுத்து என்ன ஆகப்போகுது" என்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்த தாய்மார்கள் பலர் இதைப் பார்த்துத்தான் பெயர் கொடுத்தார்கள்.

இன்னொரு பயம், என் பிள்ளைக்குக் குறைந்துவிடுமோ என்பது. மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும், நிரம்பியே கிடந்தால் ஊறுவது மெதுவாகும். அதனால் பிள்ளை குடித்தபின் மிஞ்சியதைக் கொடுத்தால் குறையாது. அதற்காகத் தானம் கொடுக்கிறேன் என்று விடாமல் பம்ப் போட்டு அதிகமாகச் சுரக்க வைப்பதும் தப்பு. பால் கட்டிக்கொண்டு, மார்பு சிவந்து, காய்ச்சல் வரை போகும். தன் பிள்ளை முதலில், மிச்சம் மட்டும் தானம் என்பதை எல்லாப் படத்திலும் சொல்கிறோம். தெரிந்தவர்களுக்குள் நேரடியாகப் பாலை மாற்றிக்கொள்வது, விலைக்கு வாங்குவது இரண்டையும் நம் சங்கம் ஊக்குவிப்பதில்லை. பரிசோதிக்காத பாலில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதையும் எழுதாமல் விட முடியவில்லை. ஒரு திரையிடல் முடிந்து திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பிள்ளை கையில் இல்லை. தடுப்பூசிக்கு வந்தது அவருடைய அண்ணி. தன் குழந்தை பிறந்து நான்காம் நாள் போய்விட்டது என்றும், பால் மட்டும் நிற்கவே இல்லை, ரவிக்கை நனைந்துகொண்டே இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு, "என் பால் வேற பிள்ளைக்கு ஆகுமா?" என்று கேட்டார். ஆகும் என்றேன். ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை, மெல்ல மெல்ல வற்ற வைப்பதற்கும் வழி இருக்கிறது, இரண்டில் எதுவும் தவறில்லை என்றும் சொன்னேன். அவர் கொடுத்தார். கடைசிப் புட்டியைக் கொடுத்த அன்று நர்ஸிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம், இது எந்தக் குழந்தைக்குப் போகும் என்று தெரியுமா என்று. பல தாய்மார்களின் பாலைச் சேர்த்துத்தான் பதப்படுத்துவார்கள், தெரியாது. "அப்ப எல்லாருக்கும் கொஞ்சம் போகும்" என்றாராம்.

இதைப் படமாக எடுக்கலாமே என்று இரண்டு உறுப்பினர்கள் கேட்டார்கள். எடுப்பதில்லை என்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்தது, எனக்கும் அதில் முழு சம்மதம். பிள்ளையை இழந்த தாய்க்குத் தேவைப்படுகிற தகவலை ஒரு பக்கத் தாளாக அச்சிட்டு நர்ஸ்களிடம் கொடுத்திருக்கிறோம், அவர்கள் நேரம் பார்த்துக் கொடுப்பார்கள்.

தொழில்நுட்பம் பற்றிச் சுருக்கமாக. எந்தப் படமும் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது, அதற்குள் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்துவிடும். காத்திருப்புக் கூடங்களில் டிவி சத்தமில்லாமல்தான் ஓடுகிறது என்பதால் எழுத்து பெரிதாக, வசனம் இல்லாமலே புரிகிற மாதிரி திருத்தினோம். திரையிட்ட பிறகு ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. படம் பார்த்தவர்கள் கேள்வியை எல்லோர் முன்னாலும் கேட்பதில்லை, ஐந்து நிமிடம் கழித்துத் தனியாக வந்து கேட்கிறார்கள்.

பால் வாங்கிக்கொள்வதில்தான் இன்னும் தடுமாற்றம். மனம் வந்த தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வங்கி வரை வர வேண்டியிருக்கிறது, பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு முறை ஒரு தாய் வீட்டில் உறைய வைத்துத் தயாராக வைத்திருந்த பாலை எடுக்க வருவதாகச் சொன்னவர்கள் வராமல், மின்சாரமும் போய், அத்தனையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிரேசிலில் மூடி போட்ட கண்ணாடிக் குப்பிகளைத் தாய்மார்கள் வீட்டிலேயே நிரப்பி வைக்கிறார்கள், பல ஊர்களில் தீயணைப்பு வீரர்களே வீடு வீடாகப் போய் வாங்கி வருகிறார்கள். உலகத்திலேயே பெரிய பால் வங்கி வலையமைப்பு அவர்களுடையது, 2001-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சசகாவா விருதும் கிடைத்தது. வீடு தேடிப் போனால்தான் இது நடக்கும் என்று நான் நம்புகிறேன். வாகனம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் வாரத்தில் ஒரு காலைப் பொழுதைத் தர முடியுமா என்று இந்தக் கூட்டத்திலேயே கேட்கிறேன். குளிர்பெட்டியும் ஐஸ் பேக்கும் சங்கம் தரும்.

முகம் காட்டாமல் கைகளைக் கொடுத்த உறுப்பினருக்கும், இரவுப் பணி முடித்தும் வீட்டுக்குப் போகாமல் படத்தைச் சரிபார்த்துக் கொடுத்த நர்ஸ்களுக்கும், கடன் கேமராவோடு வந்து கடைசிவரை நின்ற தம்பிகளுக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த வருடத்துக்கு ஒரே ஒரு படம்தான் திட்டம், அது பாட்டிமார்களுக்கு. தாய் சரி என்று சொன்ன பிறகும் வீட்டில் மாமியாரோ அம்மாவோ வேண்டாம் என்றதால் நின்றுபோன பெயர்கள் நம் நோட்டில் நிறைய இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பேரப்பிள்ளைக்குக் குறைந்துவிடும் என்ற பயம்தான் அது, அந்தப் பயத்துக்கு அவர்கள் வயதுக்காரர்களே பதில் சொன்னால்தான் எடுபடும். மகளோ மருமகளோ பால் தானம் கொடுத்ததைக் கூட இருந்து பார்த்த மூன்று பாட்டிகள் கேமரா முன் பேச ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் வேண்டாம் என்று தடுத்து, பிறகு மனம் மாறிய ஒருவர் நான்காவதாக வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

செயலாளர்