இரண்டு பெட்டி, 46 கிலோ

திருச்சி,
9.11.2025

அன்புள்ள மல்லிகா,

தீபாவளிக்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. உன் மகளும் அடுத்த ஆண்டு ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போகிறாள் என்று படித்ததில் மகிழ்ச்சி. மகனுக்கு என்னென்ன கட்டிக் கொடுத்தேன் என்று பட்டியல் கேட்டிருக்கிறாய். என்னிடம் மூன்று பட்டியல்கள் இருந்தன. மூன்றையும் கிழித்துப் போட்டாகிவிட்டது. ஆகவே நடந்ததை எழுதுகிறேன், உனக்கு வேண்டியதை நீயே பொறுக்கிக்கொள்.

அவனுக்கு இடம் கிடைத்தது கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில். சாக்சனி மாநிலத்தில் உள்ள அந்த ஊருக்கு 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர் இருந்தது. 7 மீட்டர் உயரத்தில் மார்க்ஸின் தலை மட்டும் வெண்கலச் சிலையாக இன்னும் ஊர் நடுவே இருக்கிறது. குளிர்காலப் பருவம் அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்குகிறது என்பதால் மாணவர் குடியிருப்பின் வாடகை ஒப்பந்தமும் அன்றிலிருந்துதான். நாங்கள் விஜயதசமி நல்ல நாள் என்று அக்டோபர் 2 விடியற்காலை விமானத்துக்குச் சீட்டு எடுத்தோம். அந்த நாளில் இருந்த சிக்கலைப் பிறகு சொல்கிறேன்.

நாம் விடுதிக்குப் போன 1989-இல் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: டிரங்குப் பெட்டியின் மூடி மூட வேண்டும். மூடாவிட்டால் உன் அப்பா அதன்மேல் ஏறி உட்கார்ந்தார், மூடிக்கொண்டது. இப்போது தராசு வந்துவிட்டது. எங்கள் சீட்டுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி, கையோடு எடுத்துச் செல்ல 8 கிலோ. ஆயுத பூஜையன்று காலையில் அரிவாள்மனைக்கும் தையல் இயந்திரத்துக்கும் இட்டதுபோலவே பெட்டிகளுக்கும் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டுக் கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தால், ஒன்று 27.4 என்றும் மற்றது 25 என்றும் காட்டியது. குங்குமம் காய்வதற்குள் கூடத்து நடுவில் இரண்டையும் பிரித்துக் கொட்டினோம்.

தராசைவிடக் கடுமையான சோதனை ஒன்றை அவனே வைத்தான். ஃபிராங்பர்ட்டில் இறங்கி, ரயிலில் லைப்சிக் வரை போய், அங்கே வேறு ரயில் மாறித்தான் கெம்னிட்ஸ் போக வேண்டும். போர்ட்டர் என்று கூப்பிட அங்கே ஆள் கிடையாது. "இரண்டு பெட்டியையும் நானே ஏற்றி நானே இறக்க வேண்டும், அம்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டையும் தூக்கிக்கொண்டு நம் வீட்டு மொட்டை மாடிப் படியில் ஏறினான். எட்டாவது படியில் நின்றுவிட்டான். அதற்குப் பிறகு நான் எதற்கும் வாதாடவில்லை. மிக்சி வெளியே வந்தது. மின் அழுத்தம் அங்கேயும் 230 வோல்ட்தான், அதனால் அது ஓடியிருக்கும். ஆனால் மூன்று ஜாரோடு அதை ரயில் ரயிலாகச் சுமப்பவன் அவன் அல்லவா? பிளக் மட்டும் வேறு, நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. அடாப்டர் ஒன்றும் நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் போதும். நான்கு அடாப்டர் வாங்கி ஏமாந்தேன்.

நெய்யும் வெளியே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது என்பது விதி. ஒன்றரை லிட்டர் நெய்யை நான் வெண்ணெய் வாங்கி உருக்கி, முருங்கைக்கீரை போட்டு இறக்கியிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அதோடு போயிற்று. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள் என்பதால், நிழலில் உலர்த்திப் பருப்போடு வறுத்துப் பொடியாக்கிக் கொடுத்தேன்.

இப்போது அந்த நல்ல நாளின் சிக்கலுக்கு வருகிறேன். அவன் வியாழக்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்து சாவி வாங்கினான். அறையில் கட்டில், மெத்தை, மேசை, அலமாரி எல்லாம் இருந்தன. விரிப்பு, போர்வை, தலையணை எதுவும் இல்லை. களைப்பில் அப்படியே படுத்துவிட்டான். மறுநாள் அக்டோபர் 3, ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், தேசிய விடுமுறை. கடைகள் அநேகமாக எல்லாம் அடைப்பு. சனிக்கிழமை திறந்தன, ஞாயிறு வழக்கம்போல மறுபடியும் அடைப்பு. பஞ்சாங்கத்தைப் பார்த்த நான் அவர்கள் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. அந்த ஒன்றரை நாளை ஓட்டியது பெட்டிக்குள் இருந்த ஒரு கிலோ பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சென்னிமலைப் போர்வை இரண்டு ஆகியவைதான். ஒன்றை விரித்து ஒன்றைப் போர்த்திக்கொண்டானாம். ஆகவே முதல் இரண்டு நாளுக்கு வேண்டியதைப் பெட்டியின் மேல்தட்டிலேயே வைத்துக் கட்டு. தலையணை உறை மட்டும் வைக்காதே. அங்கே தலையணை 80 செ.மீ. சதுரம், நான் பூத்தையல் போட்டுக் கொடுத்த உறைகளில் இப்போது அவன் அழுக்குத் துணியைப் போட்டு வைத்திருக்கிறான்.

சமையலறை இன்னும் இருவரோடு பொது. அடுப்பு கண்ணாடித் தகடுபோல் வழவழவென்று இருக்கிறது. நான் பிடிவாதமாக வைத்த இரும்பு வாணலி அடி உருண்டை என்பதால் அதன்மேல் தொட்டில்போல ஆடுகிறது, நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குத்தான் சூடு பிடிக்கிறது. வீடியோவில் அதை ஒரு விரலால் ஆட்டிக் காட்டிச் சிரித்தான். அடி தட்டையான மூன்று லிட்டர் எவர்சில்வர் குக்கர்தான் தினமும் உழைக்கிறது. உதிரியாக ஒரு கேஸ்கட் வைத்துவிடு. இரண்டாம் வாரம் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தபோது நடைவழியில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறி எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். இப்போது ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் எண்ணெயே ஊற்றுகிறான்.

கோட்டைப் பெட்டியில் அடைக்காதே, போட்டுக்கொண்டு போகட்டும். மீனம்பாக்கத்தில் அவன் வியர்த்து வழிந்ததைப் பார்த்துப் பலர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு கிலோ மிச்சம். மூக்குக்கண்ணாடி இரண்டு எடுத்துப் போகட்டும், பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். எழுதக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் மக் வைத்துவிடு. கொண்டுபோனதிலேயே உருப்படியான பொருள் அதுதான் என்கிறான்.

காகிதங்களை நகல் எடுத்து வைப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மூலச் சான்றிதழ்கள், நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பில் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், காப்பீடு எல்லாம் கைப்பையில் போகட்டும். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ கட்டியிருந்தோம். ஆனால் அங்கே வங்கிக் கணக்கு திறக்கும்வரை அதில் ஒரு காசும் கைக்கு வராது. 600 யூரோ ரொக்கமாகக் கொடுத்தது தாங்கியது. குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில் வருகின்றன. தபால் பெட்டியில் குடும்பப் பெயர் ஒட்டியிருந்தால்தான் போடுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது இவருடைய பெயர். கெம்னிட்ஸில் ஒரு நீலத் தபால் பெட்டியில் தம் பெயர் ஒட்டியிருக்கும் புகைப்படத்தை இவர் ஒரு மாதமாகப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். உன் மகள் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருந்தால் இப்போதே திருத்தக் கொடுத்துவிடு, கடைசி நேரத்தில் அலைய முடியாது.

எடுத்து வைத்த நெய்யில் தீபாவளிக்கு மைசூர்பாகு கிளறினேன். சாப்பிட ஆள்தான் இல்லை. பொங்கலுக்கு நாகர்கோவில் வரும்போது கொக்கித் தராசையும் மீதி மூன்று அடாப்டரையும் எடுத்து வருகிறேன், நீ வாங்கிவிடாதே.

அன்புடன்,
செல்வி